‘கொஞ்சம் பொறுத்துப் பாருங்க...’ இந்தப் பதிலை ஏற்காத சில பெற்றோர்கள்!

“அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேச ஆரம்பிச்சான்.”

“ஆம்பளப் புள்ளைங்க கொஞ்சம் லேட்டாதான் நடக்கும்.”

“நாக்குல வசம்பைத் தேய்ச்சுவிடு, பேச்சு தானா வரும்.”

பக்கத்து வீட்டுக் குழந்தை தத்தித் தத்தி நடக்கிறது. அதே வயதுள்ள தன் குழந்தைக்கு இன்னும் உட்காரவே வரவில்லை. இதை ஒரு தாய் வாய்விட்டுச் சொன்னதும் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் வார்த்தைகள் இவை. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவளைத் தேற்றத்தான் சொல்கிறார்கள். பல குழந்தைகள் விஷயத்தில் அது பலிக்கவும் செய்கிறது. கொஞ்சம் தாமதமானாலும் எழுந்து நடந்துவிடுகிறார்கள், பேசிவிடுகிறார்கள்.

சிக்கல், அப்படி எட்டிப்பிடிக்க முடியாத குழந்தைகளுக்குத்தான். அவர்களின் தாமதத்துக்குப் பின்னால் மரபணுவிலோ, மூளையிலோ ஒரு காரணம் இருக்கலாம். அதில் சில காரணங்களுக்கு மருந்து உண்டு, ஆனால் காலத்தோடு கொடுக்க வேண்டும். ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்று போகும் ஒவ்வொரு மாதமும் அந்தக் குழந்தையின் கணக்கில் நஷ்டம்.

இன்று மருத்துவப் புத்தகங்களில் இருக்கும் இத்தகைய காரணங்கள் சில எப்படித் தெரியவந்தன என்று தேடிப்போனால், அங்கே டாக்டர்களுக்கு முன்னால் ஒரு அம்மாவோ அப்பாவோ நிற்கிறார்கள். ‘என் குழந்தைக்கு என்ன ஆச்சு?’ என்ற கேள்வியைக் கைவிட மறுத்தவர்கள்.

ஒரு வாடையைத் துரத்திய தாய்

நார்வே நாட்டைச் சேர்ந்தவர் போர்க்னி எகெலாண்ட். இவருக்கு லிவ் என்ற பெண், டாக் என்ற பையன் என இரண்டு குழந்தைகள். பிறந்தபோது இருவரிடமும் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் வளர வளர லிவ் பின்தங்கினாள். ஆறு வயதைத் தாண்டியும் ஒருசில வார்த்தைகள்தான் பேசினாள். தம்பி டாக் நிலைமை இன்னும் மோசம். நான்கு வயதை நெருங்கியும் நடக்கவில்லை, பேசவில்லை, கைக்குழந்தை போலவே இருந்தான்.

போர்க்னி ஏறி இறங்காத மருத்துவமனை இல்லை. யாராலும் காரணம் சொல்ல முடியவில்லை. அவரோ ஒரு விஷயத்தைக் கவனித்து வைத்திருந்தார். இரண்டு குழந்தைகளிடமும் பூஞ்சணம் பிடித்தது போன்ற ஒரு வாடை வந்தது. எத்தனை முறை குளிப்பாட்டினாலும் போகவில்லை. இந்த வாடைக்கும் குழந்தைகளின் நிலைக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று பார்க்கும் டாக்டர்களிடமெல்லாம் கேட்டார். பலருக்கு அது பொருட்படுத்தும்படியான கேள்வியாகவே தெரியவில்லை.

1934-ல் ஆஸ்லோவில் இருந்த அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற டாக்டரிடம் அந்தக் கேள்வி போனது. அவர் மருத்துவத்தோடு வேதியியலும் படித்தவர். குழந்தைகளின் சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடு கரைசலைச் சில சொட்டுகள் விட்டுப் பார்த்தார். அந்தக் காலத்தில் அது சர்க்கரை நோயாளிகளுக்கு வழக்கமாகச் செய்யும் சோதனை. பழுப்பு நிறமோ ஊதா நிறமோ வரும் என்று எதிர்பார்த்தவருக்கு அடர் பச்சை தெரிந்தது. அப்படி ஒரு நிறத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை.

ஏதாவது மருந்தின் வேலையாக இருக்குமோ என்று எல்லா மருந்துகளையும் நிறுத்தச் சொன்னார். மறுபடியும் பச்சைதான். அதன்பிறகு வாரக்கணக்கில் போர்க்னி பாட்டில் பாட்டிலாகச் சிறுநீரைக் கொண்டுவந்து கொடுக்க, ஃபோலிங் அதிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். ஃபினைல்பைருவிக் அமிலம். நலமாக இருக்கும் ஒருவரின் சிறுநீரில் அப்படி வெளியேறக் கூடாத பொருள் அது. அடுத்ததாக, மனவளர்ச்சி குன்றியோருக்கான இல்லங்களில் இருந்து 430 பேரின் சிறுநீரைப் பரிசோதித்தார். மேலும் எட்டுப் பேருக்குப் பச்சை நிறம் வந்தது.

இன்று ‘ஃபினைல்கீட்டோன்யூரியா’, சுருக்கமாக பி.கே.யூ என்று சொல்லப்படும் நோய் கண்டுபிடிக்கப்பட்ட கதை இதுதான். பால், முட்டை, பருப்பு, இறைச்சி எனப் புரதம் உள்ள எல்லா உணவிலும் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி அதை உடைத்து வேறொன்றாக மாற்ற வேண்டும். பி.கே.யூ குழந்தைகளுக்கு அந்த நொதியை உருவாக்கும் மரபணுவில் கோளாறு. உடைபடாத ஃபினைல்அலனின் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போய், வளரும் மூளையைப் பாதிக்கிறது. அதாவது, தாய்ப்பாலில் இருக்கும் புரதம்கூட அந்தக் குழந்தைக்கு அளவு மீறினால் ஆபத்து.

லிவ்வுக்கும் டாக்குக்கும் இதனால் எந்தப் பலனும் கிடைக்கவில்லை. அப்போது சிகிச்சை இல்லை. ஆனால் உலகத்துக்கு ஒரு புது விஷயம் புரிந்தது. மனவளர்ச்சிக் குறைபாடு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லப்பட்ட ஒன்றுக்குப் பின்னால், சோதனைக் குழாயில் பார்க்கக்கூடிய காரணம் இருக்க முடியும்.

பதில் கிடைக்காத வருடங்கள்

அதே நோய் அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் பக்கின் வீட்டிலும் இருந்தது, அது அவருக்கே தெரியாமல். ‘நல்ல நிலம்’ நாவலை எழுதி, 1938-ல் நோபல் பரிசு வாங்கியவர். 1920-ல் சீனாவில் பிறந்த அவருடைய மகள் கரோல் வளர்ச்சியில் பின்தங்கினாள். சீனாவிலும் அமெரிக்காவிலும் டாக்டர் டாக்டராக அலைந்தார் பேர்ல். கடைசியில் ஒரு டாக்டர், இந்தக் குழந்தை மற்ற குழந்தைகளைப் போல ஆகமாட்டாள் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேரத்தில் நெஞ்சைப் பிளந்த வார்த்தைகள்தான். ஆனாலும் உண்மையைச் சொன்னதற்காக அந்த டாக்டருக்கு நன்றியோடு இருந்ததாகப் பின்னாளில் எழுதினார்.

மகளை நியூ ஜெர்சியில் ஓர் இல்லத்தில் சேர்த்தார். அதற்கான செலவும் அவரைத் தொடர்ந்து எழுதவைத்த காரணங்களில் ஒன்று. ஒரு பிரபலம் தன் வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருப்பதை மறைத்து வைக்கும் காலம் அது. 1950-ல் பேர்ல் பக் தன் மகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். கரோலுக்கு இருந்தது பி.கே.யூ என்று தெரியவந்தபோது 1960-கள் வந்துவிட்டன. மகளுக்கு வயது நாற்பதை எட்டியிருந்தது.

தினமும் காலையில் வந்து நின்ற அம்மா

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனையில், 1950-களின் தொடக்கத்தில் ஹார்ஸ்ட் பிக்கெல் என்ற டாக்டர் பணியாற்றினார். ஷீலா என்ற பதினேழு மாதக் குழந்தைக்கு பி.கே.யூ இருப்பதை அங்கே உறுதிசெய்தார்கள். அவளால் உட்கார முடியவில்லை, நடக்க முடியவில்லை. சுற்றி நடப்பதைக் கவனிக்காமல் அழுதுகொண்டும் தலையை மோதிக்கொண்டும் இருந்தாள்.

நோயின் பெயரைச் சொல்லிவிட்டு, இதற்குச் சிகிச்சை இல்லை என்றும் சொன்னார்கள். ஷீலாவின் அம்மா மேரி ஜோன்ஸ் அதோடு போய்விடவில்லை. தினமும் காலையில் ஆய்வகத்துக்கு வந்து நின்றார். பெயர் எனக்கு வேண்டாம், என் பெண்ணுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் அவர் கேள்வி.

அவருடைய நச்சரிப்பு தாங்காமல்தான் பிக்கெலும் அவருடன் இருந்தவர்களும் யோசித்தார்கள். லண்டனில் லூயிஸ் வுல்ஃப் என்ற வேதியியலாளர் ஏற்கெனவே ஒரு யோசனை வைத்திருந்தார். பால் புரதத்தைச் சிதைத்து, கரி மூலம் வடிகட்டினால் ஃபினைல்அலனினை நீக்கிவிடலாம். மருத்துவமனையின் ஆய்வகத்திலேயே அந்த உணவைத் தயாரித்து ஷீலாவுக்குக் கொடுத்தார்கள். சில மாதங்களில் அவள் தவழ்ந்தாள். நிற்கக் கற்றாள். நாற்காலியைப் பிடித்து ஏறினாள். இடைவிடாத அழுகை நின்றது.

இது உணவின் வேலையா, தற்செயலா? அதைச் சோதிக்க டாக்டர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அம்மாவுக்குச் சொல்லாமலேயே அந்த உணவில் மறுபடியும் ஃபினைல்அலனினைச் சேர்த்தார்கள். சில மணி நேரத்திலேயே ஷீலா அழத் தொடங்கினாள், தலையை மோதினாள். ஒரே நாளில், கற்றதையெல்லாம் இழந்து நிற்கக்கூட முடியாமல் ஆனாள். பெற்ற தாயிடம் சொல்லாமல் இப்படிச் செய்வதை இன்று எந்த மருத்துவமனையும் ஏற்காது. சோதனை என்னவோ சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது. மரபணுவால் வரும் ஒரு மூளை பாதிப்பை உணவால் தடுக்க முடியும் என்ற செய்தி 1953-ல் வெளியானது.

ஷீலாவுக்கு உணவு தாமதமாகத்தான் கிடைத்தது. அதற்குள் ஏற்பட்ட பாதிப்பை முழுதாகச் சரிசெய்ய முடியவில்லை. பிறந்த உடனேயே தெரிந்திருந்தால்?

குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்

அந்தக் கேள்விக்குப் பதில் தந்தவரும் ஒரு தகப்பன்தான். அமெரிக்காவில் புற்றுநோய் ஆராய்ச்சியில் இருந்தவர் ராபர்ட் கத்ரி. அவர் மகன் ஜானுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு. அதனால் அந்தப் பக்கம் அவர் கவனம் திரும்பியது. 1958-ல் அவருடைய மனைவியின் உறவில் ஒரு பெண் குழந்தைக்கு பதினைந்தாவது மாதத்தில் பி.கே.யூ என்று தெரிந்தது. சிகிச்சை வந்துவிட்ட பிறகும், கண்டுபிடிக்கத் தாமதமானதால் அந்தக் குழந்தைக்குப் பாதிப்பு வந்துவிட்டது.

கத்ரி எளிமையான ஒரு சோதனையை உருவாக்கினார். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாளில் ஒற்றி எடுப்பது. காய்ந்த அந்தத் தாளைத் தபாலில்கூட அனுப்பலாம். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் 29 மாநிலங்களில் நான்கு லட்சம் குழந்தைகளுக்கு இந்தச் சோதனை நடந்தது. 39 குழந்தைகளுக்கு பி.கே.யூ இருப்பது தெரிந்தது. மூளை பாதிக்கப்படும் முன்பே அவர்களுக்கு உணவுமுறையைத் தொடங்க முடிந்தது.

கத்ரியின் மகன் ஜானுக்கு இருந்தது பி.கே.யூ அல்ல. தன் மகனுக்கு உதவாத ஒரு சோதனையை ஊரார் பிள்ளைகளுக்காகச் செய்துவைத்தார் அந்தத் தகப்பன். இன்று பல நாடுகளில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த ஒரு சொட்டு ரத்தத்தில் பல நோய்களைப் பார்த்துவிடுகிறார்கள்.

நம்மூரில் பி.கே.யூ அரிது. ஆனால் பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைவாக இருப்பது அத்தனை அரிதல்ல. இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கிறது. கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி குன்றிவிடும். பிறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் கண்டுபிடித்தால் தினமும் ஒரு சிறு மாத்திரை போதும். பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன், ‘தைராய்டுக்கு குதிகால் ரத்தம் எடுத்தாச்சா?’ என்று கேட்க வேண்டியது இதனால்தான். எல்லா மருத்துவமனைகளிலும் அது தானாக எடுக்கப்படுவதில்லை.

சலாம் போட்ட குழந்தை

மரபணுவும் ரத்தமும் மட்டுமே காரணம் அல்ல. மூளையின் மின்னோட்டம் தாறுமாறாவதாலும் வளர்ச்சி நின்றுபோகும். இதை முதலில் எழுதியவரும் ஓர் அப்பாதான்.

1841-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் வெஸ்ட் என்ற டாக்டர் ‘லான்செட்’ மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். நோயாளி, ஒரு வயதுகூட நிரம்பாத அவருடைய சொந்த மகன். நான்கு மாதம் வரை நன்றாக இருந்த குழந்தை, திடீரென்று தலையை முன்னால் சாய்த்துச் சாய்த்து நிமிரத் தொடங்கினான். ஒன்றல்ல, அடுத்தடுத்துப் பல முறை. சலாம் போடுவது போல இருந்ததால் அதற்கு ‘சலாம் வலிப்பு’ என்றே பெயர் வந்தது. குழந்தையின் சிரிப்பும் கவனமும் மெல்ல மறைந்தன. இதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சக டாக்டர்களிடம் கேட்டிருந்தார் அந்த டாக்டர் அப்பா. அவர் பெயரில்தான் இன்று அது ‘வெஸ்ட் சிண்ட்ரோம்’ என்று அழைக்கப்படுகிறது.

கைகால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளுவதுதான் வலிப்பு என்று நினைத்திருக்கிறோம். கைக்குழந்தைகளுக்கு வரும் இந்த வலிப்பு அப்படி இருக்காது. தூங்கி எழுந்ததும், சில நொடிகளுக்கு ஒருமுறை, உடம்பைச் சட்டென்று குறுக்கிக் கைகளை விரிக்கும். பார்ப்பவர்களுக்கு ‘பயந்து தூக்கிவாரிப் போடுது’, ‘வயித்து வலி, அதான் முறுக்குது’ என்று தோன்றும். கிரைப் வாட்டரிலும் மந்திரிப்பதிலும் நாட்கள் போய்விடும். உண்மையில் இது உடனே பார்க்க வேண்டிய நோய். இ.இ.ஜி. எடுத்து உறுதிசெய்து, சிகிச்சையை எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறார்களோ, அந்தளவு குழந்தைக்கு நல்லது.

பழி யார் மேல்?

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, நடப்பது, கைகளைப் பயன்படுத்துவது, பேசுவது, புரிந்துகொள்வது, பழகுவது ஆகியவற்றில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் வயதுக்கு மிகவும் பின்தங்கினால், அதைப் பொதுவான வளர்ச்சித் தாமதம் என்கிறார்கள் டாக்டர்கள். பல காரணங்கள் இருக்கலாம். டவுன் சிண்ட்ரோம் போலக் குரோமோசோம் கூடுதலாக இருப்பது, ஃப்ரஜைல் எக்ஸ் போல ஒரே ஒரு மரபணு மாறுவது, குறைமாதப் பிரசவம், பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போவது, பிறந்த சில நாட்களில் மஞ்சள் காமாலை கட்டுக்கு மீறுவது, மூளைக்காய்ச்சல், காது கேளாமை... பட்டியல் நீளம்.

ஆனால் வீடுகளில் ஒரே ஒரு காரணம்தான் சொல்லப்படுகிறது: ‘அம்மா சரியில்லை.’ கிரகணத்தில் வெளியே வந்தாள், வேலைக்குப் போனாள், மொபைலைக் கொடுத்தாள், அவள் ஜாதகம் அப்படி.

பி.கே.யூ போன்ற நோய்கள் வர, கோளாறுள்ள மரபணு அம்மாவிடமிருந்து ஒன்றும் அப்பாவிடமிருந்து ஒன்றுமாக இரண்டும் சேர வேண்டும். ஒன்று மட்டும் வைத்திருப்பவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் சேர்ந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இதில் பாதிப் பங்கு அப்பாவுடையது.

நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும்போது இருவரிடமும் ஒரே கோளாறு இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அத்தை மகன், மாமன் மகள் உறவில் எட்டில் ஒரு பங்கு மரபணுக்கள் பொதுவானவை. தாய்மாமன், அக்கா மகள் என்றால் நான்கில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் கால் பங்குக்கும் மேல் சொந்தத்தில்தான் என்கிறது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. இப்படித் திருமணம் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு நலமான குழந்தைகள்தான் பிறக்கிறார்கள். ஆனால் முதல் குழந்தைக்கு வளர்ச்சித் தாமதம் இருந்தால், அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது அவசியம். ‘சொத்து வெளியே போகாது’ என்று கல்யாணம் பேசிய பெரியவர்கள், குழந்தை பிறந்ததும் மருமகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் நியாயம் இல்லை.

எப்போது பொறுக்கக் கூடாது?

* 3 மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை.

* 5 மாதத்தில் கழுத்து நிற்கவில்லை.

* 9 மாதத்தில் தானாக உட்காரவில்லை.

* ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை.

* ஒன்றரை வயதில் நடக்கவில்லை, அர்த்தமுள்ள ஒரு வார்த்தைகூட வரவில்லை.

* இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துப் பேசவில்லை.

* எந்த வயதிலும், கற்றுக்கொண்ட ஒன்றை இழக்கிறது. பேசிய குழந்தை பேச்சை நிறுத்துவதும், நடந்த குழந்தை தடுமாறுவதும் இதில் அடக்கம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிரசவத் தேதியாகக் குறித்துக் கொடுத்த நாளிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும். மேலே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலே நோய் என்று அர்த்தம் இல்லை. குழந்தைகள் நல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

கையில் பணம் இல்லை என்பதும் தள்ளிப்போடக் காரணமாக வேண்டாம். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில், அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. சந்தேகம் இருந்தால், அரசு மருத்துவமனைகளில் இருக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். ‘டி.இ.ஐ.சி எங்கே?’ என்று கேட்டு நேராகவும் போகலாம். டாக்டர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்படி அமைக்கப்பட்டவை இந்த மையங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது.

பெயர் கிடைக்காவிட்டால்?

எல்லா அம்மாக்களுக்கும் போர்க்னியைப் போல ஒரு பச்சை நிறம் கிடைத்துவிடாது. ஸ்கேன், மரபணுப் பரிசோதனை எல்லாம் எடுத்தும் காரணம் பிடிபடாத குழந்தைகள் இருக்கிறார்கள். காரணம் தெரிந்தும் மருந்து இல்லாத நோய்கள் நிறைய. அப்போதும் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல், பேச்சுப் பயிற்சியையும் உடற்பயிற்சியையும் உடனே தொடங்கலாம். முதல் சில ஆண்டுகளில் மூளைக்குக் கற்றுக்கொள்ளும் வேகம் அதிகம். ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிடுவதும், பாத்ரூம் போக வேண்டும் என்று சைகை காட்டுவதும் மற்ற வீடுகளில் சாதாரணம். இந்த வீடுகளில் அவை திருவிழா.

போர்க்னியின் மூக்குக்குப் பட்ட வாடையும், வெஸ்ட்டின் கண்ணில் பட்ட தலையசைப்பும்தான் டாக்டர்களுக்குக் கிடைத்த முதல் தடயம். குழந்தையோடு நாள் முழுக்க இருப்பவர்களுக்குத் தெரிவது, பத்து நிமிடம் பார்க்கும் டாக்டருக்குத் தெரியாமல் போகலாம். எனவே, குழந்தை வித்தியாசமாக ஏதாவது செய்தால் மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள். என்ன நடந்தது, எந்த நேரத்தில், எத்தனை முறை என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த வீடியோவையும் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு டாக்டர் ‘பொறுத்துப் பாருங்க’ என்றால், ‘எத்தனை நாள், எதற்காகப் பொறுக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். அது அவமரியாதை இல்லை. பர்மிங்ஹாமில் அந்த அம்மா தினமும் காலையில் போய் நின்றதும் அதற்காகத்தான்.